அயோடின் போன இடம்

என் மாமனார் ஆரஞ்சுப் பழம் தின்னும் சத்தத்தை நான் இரண்டு இடங்களில் சகித்தாக வேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை, ஆய்வகத்தில் என் கணினிக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை. கொட்டைகளை நான் அச்செடுத்த வரைபடத்தின் மேலேயே துப்பி வைப்பார். துறைத் தலைவர், அதோடு மாமனார் வேறு. யார் கேட்பது?

ஆய்வகத்தில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இருநூறு’. யுரேனியம், தோரியம் போன்ற கனமான தனிமங்களின் மெல்லிய தகட்டை நியூட்ரான்களால் அடிப்பதும், உடைந்த அணுக்களிலிருந்து எந்தத் துண்டு எவ்வளவு கிடைத்தது என்று அளப்பதும் எங்கள் வேலை. ஓர் அணு உடைந்தால் இரண்டு துண்டு. நூறு உடைந்தால் இருநூறு. ஆகவே எல்லாத் துண்டுகளின் பங்கையும் கூட்டினால் இருநூறு வந்தாக வேண்டும். வராவிட்டால் மாமனார் வரவழைப்பார்.

உலை அறையிலிருந்து வரும் தகட்டை அமிலத்தில் கரைத்துத் துண்டுகளைப் பிரிப்பது அவருடைய பெண், அதாவது என் நாத்தனார். பிரித்ததை வாங்கிக் கருவியில் வைத்து அதன் கதிர்வீச்சை எண்ணுவது நான். “நான் கரைக்கிறேன், அண்ணி எண்ணுறாங்க, அப்பா சரிக்கட்டறார்” என்று அவளே வருகிறவர்களிடம் கேலி செய்வாள். ஆனால் அப்பா கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டாள். அவரோ அவளுடைய அறை வாசலைத் தாண்ட மாட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் நிலைப்படியில் நின்றே சொல்லிவிட்டுப் போவார். அமில நெடி ஒத்துக்கொள்வதில்லையாம்.

கரைக்கும்போதும் வடிக்கும்போதும் கொஞ்சம் கைநழுவிப் போவது எல்லா ஆய்வகத்திலும் உண்டுதான். எவ்வளவு நழுவியது என்று அளந்து, அதற்குத் தக்கபடி பெருக்கிக்கொள்ள வேண்டும். இவர் பழைய அட்டவணையில் உள்ள எண் வரும்வரை பெருக்குவார். வந்ததும் நாக்கால் ஒரு ‘ச்சொட்’ போடுவார்.

இந்தச் சோதனை வரிசையில் இடித்தது அயோடின். இருநூறில் மூன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டிய பங்கு இரண்டைத் தாண்டவில்லை. அடுத்த தகட்டில் இன்னும் குறைந்தது. அவர் இரண்டு தகடுகளின் எண்ணையும் பெருக்கி மூன்றாக்கிவிட்டு, மாநாட்டுக்குக் கட்டுரையைத் தயார் செய்யச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. மற்றத் துண்டுகள் சரியாக இருக்கும்போது அயோடின் மட்டும் எங்கே போகும்? சூடான அமிலத்தில் அது ஆவியாகும் என்பது மாணவனுக்குக்கூடத் தெரியும். மூச்சோடு உள்ளே போனால் கழுத்துச் சுரப்பியில் போய் உட்கார்ந்து கதிர் வீசிக்கொண்டிருக்கும் என்பதும் தெரியும்.

நாத்தனாரின் அறைக்குப் போனேன். அவள் நெடியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்கு முன்னால் குனிந்து குடுவையைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். கூண்டின் விளிம்பில் ஒரு டிஷ்யூ துண்டை ஒட்டிப் பார்த்தேன். காற்றாடி நன்றாக இழுத்தால் அது உள்பக்கம் சாய வேண்டும். இது வெளியே, அவள் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தது.

அவள் அலட்டிக்கொள்ளவில்லை. கரி வடிகட்டி அடைத்துப்போய் ரொம்ப நாளாகிறது, மாற்றினால் வேலை நின்றுவிடும், மாநாடு முடியட்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். வேலியே பயிரை மேய்கிற கதை என்று கேட்டிருக்கிறேன். அந்த வேலியோடு நான் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சூட்டை அணைக்கச் சொல்லி அவளை எண்ணும் அறைக்குக் கூட்டிப்போனேன். கருவியைச் சுற்றி அடுக்கியிருந்த ஈயக் கட்டிகளை நகர்த்தி, முதலில் என் கழுத்தை அதனிடம் கொடுத்தேன். திரையில் அயோடின் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. பிறகு அவளை மேலங்கியைக் கழற்றிவிட்டு, கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காரச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நான் தினமும் அவள் குடுவையில் தேடும் அதே இடத்தில் ஒரு கோடு முளைத்தது. பார்க்கப் பார்க்க வளர்ந்தது. அவளுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. இத்தனை நாள் அந்தக் கோட்டுக்காகத்தான் அவள் தகடு கரைத்தாள்.

“அண்ணி, இது மேல ஒட்டினது இல்லையே?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்லைடி. உள்ள இருக்கு.”

மாமனாரைக் கூப்பிட்டேன். கையில் பழத்தோடு வந்தார். திரையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார். கத்துவார், அழுவார், குறைந்தபட்சம் மருத்துவரைக் கூப்பிடச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

“எவ்வளவு தூரத்துல வச்சு எண்ணினே?” என்று கேட்டார்.

சொன்னேன். சாறு வடிந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மனசுக்குள் ஏதோ பெருக்கினார்.

“அப்போ இதையும் சேர்த்துக்கலாமேம்மா. பற்றாக்குறையில கொஞ்சம் அடைபடும். நாம ஒண்ணும் இட்டுக்கட்டலைன்னு ஆயிடும்ல?”

மனிதன் என்று நினைத்து இவர் தட்டில் இத்தனை நாள் பரிமாறியிருக்கிறேன். நாத்தனார் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போனோம். அவள் தன் அறைக்குள் போய், இன்னும் கரைக்காமல் கிடந்த அடுத்த தகட்டைப் புகைக்கூண்டில் வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புதுக் கையுறை ஒரு ஜோடியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

“இதை நீங்க கரைங்கப்பா. அண்ணி உங்க கழுத்தை எண்ணட்டும். சீக்கிரம் இருநூறு வந்துடும்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். நெடி ஒத்துக்கொள்ளாது என்று தொடங்கினார். குடுவை ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நெடியே இல்லை. இருந்தும் அவர் ஒரு கையால் சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

அவள் கையுறையை நீட்டியபடியே நின்றாள். அவர் நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றார்.