மண்டப வாசலில் மட்டும்

2018 மார்ச் 11, ஞாயிறு காலை, எகிப்தின் மன்சூரா நகரில் ஒரு வாகனச் சோதனைக் களத்தில், கல்யாணக் கார் ஓட்டும் இன்ஷிராவின் வண்டிக்கு உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. காரின் அடியில் நீல விளக்குப் பட்டை ஒட்டியிருந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, வேறு நிறம் கூடாது என்றார் சோதகர் ரிஃபாத். வரும் வியாழன் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்குக் கார் ஓட்ட அவள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

எதிர்வரிசை எலக்ட்ரீஷியன் ஸப்ரி சிரித்தார். சோதனைக்கு முன் கழற்றுவது, உரிமச் சீட்டு கைக்கு வந்ததும் மாட்டுவது என்பது ஊரறிந்த வழி.

"பத்து நிமிஷ வேலை, உம் ஸியாத்" என்று மகன் பெயரைச் சொல்லி அவளை அழைத்தார். "மத்தியானமே திரும்ப ஒட்டிடறேன்."

"போன கோடையில ஒட்டினியே, என்னாச்சு உஸ்தா? பாலத்துல போலீஸ் வண்டியை நிறுத்திட்டான். கல்யாணப் பொண்ணு கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மண்டபத்துக்கு நடந்தா."

"விளக்கில்லாம போனா பிணவண்டின்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டும். பட்டையைப் பிச்சு ஒரு பலகையில அடி. தனி பேட்டரி வை. கார் ஒயரைத் தொடாதே."

புதன்கிழமை ரிஃபாத் குனிந்து பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை. டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே விளக்குப் பலகை கிடந்தது.

"இது என்னம்மா?"

"பூக்கூடை மாதிரி, பாஷா" என்றாள் மரியாதையாக. "மண்டப வாசல்ல சாவியை எடுத்தப்புறம் கார் முன்னால தரையில வைப்பேன்."

"ஓடும்போது எரிஞ்சா?"

"எரிஞ்சா நம்பர் பலகையை நீங்களே கழட்டிக்கோங்க."

அவர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். காருக்குப் போகும் ஒயர் எதுவும் இல்லை. கையெழுத்திட்டார்.

வியாழன் மாலை பாலத்தில் ஊர்வலக் கார்கள் ஹாரன் அடித்தபடி சென்றன. மணப்பெண்ணின் அண்ணன் தாரிக் பக்கத்துக் காரிலிருந்து தலையை நீட்டினான்.

"விளக்கைப் போடு! வீடியோ எடுக்கறாங்க!"

"வாசல்ல போடறேன்."

"நாங்க என்ன துக்கத்துக்கா போறோம்? பொண்ணை இறக்கி வேற கார்ல ஏத்திடுவோம்!"

"பாலத்துல இறக்கினா உன் தங்கச்சிதான் நடக்கணும். சௌகரியம் எப்படி?"

பின்சீட்டில் மணப்பெண், "அவன் கிடக்கான், நீங்க ஓட்டுங்க அக்கா" என்றாள்.

பாலத்தின் இறக்கத்தில் போலீஸ் நின்றிருந்தது. அடியில் வண்ண விளக்கு எரிய முன்னால் போன இரண்டு கார்களை ஓரங்கட்டியது. அவற்றில் ஒன்று தாரிக்கின் கார். இன்ஷிராவின் வண்டி கடந்து போனது.

மண்டப வாசலில் அவள் சாவியை எடுத்து, பலகையைத் தரையில் வைத்தாள். நீல விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தது. தாரிக் நாற்பது நிமிடம் தாமதமாக, நடந்து வந்தான்.