அண்ணியின் ஒற்றைக் கம்பி

மாட்டைப் பின்னாலிருந்து ஓட்டுவதுதான் உலக வழக்கம். அண்ணி முன்னால் நடப்பாள். கையில் கம்பு கிடையாது, வாயில் அதட்டல் கிடையாது. "வாங்கடி" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள். பத்து வீட்டு மாடுகளும் பந்திக்கு முந்துகிற கூட்டம் மாதிரி இடித்துக்கொண்டு பின்னால் வரும். அதைப் பார்த்து ஒட்டடைக்குச்சி என்கிற நெட்டை மனிதர் அவளுக்கு 'முன்னோடி' என்று பட்டம் வைத்தார். பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான நக்கல்.

பால் சங்கத் தலைவருக்கு அவள் அண்ணன் மனைவி. அவர் ஒருதரம் மைக்கில் "எங்க அண்ணி" என்று சொல்லப் போக, பல் விழுந்த கிழவர்களுக்குக்கூட அன்றிலிருந்து அவள் அண்ணிதான்.

சங்கத்தின் மேய்ச்சல் நிலம் அப்போது வழுக்கையாகக் கிடந்தது. தலைவரின் தலையும் நிலமும் போட்டி போட்டுக்கொண்டு வழுக்கையானதாகச் சொல்வார்கள். நிலம் ஜெயித்தது. தலைவருக்குக் காதோரமாவது கொஞ்சம் மிச்சமிருந்தது. புல் எட்டிப் பார்ப்பதற்குள் நூறு நாக்குகள் காத்திருந்து நக்கி எடுத்துவிடும். மழை பெய்தால் மேல்மண் கரைந்து ஓடையே காபியாக ஓடும்.

"கடிச்ச புல்லு எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள மறுபடி கடிச்சா வேரு செத்துரும். மேய விடணும், அப்புறம் மூடி வச்சு ஆற விடணும்" என்று அண்ணி கூட்டத்துக்குக் கூட்டம் கத்தி, தொண்டை தேய்ந்து, கடைசியில் ஒரு மூலையை மட்டும் ஒரு வருடத்துக்குக் கேட்டு வாங்கினாள். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நடுவே ஒற்றைக் கம்பி இழுத்து, பேட்டரியிலிருந்து லேசாக மின்சாரம் விட்டாள். தொட்டால் எறும்பு கடித்த மாதிரி சுளீரென்னும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு கட்டம். மேய்ந்த கட்டத்துக்கு அப்புறம் நீண்ட ஓய்வு. வருடம் முடிகிறபோது அந்த மூலையில் ஒட்டடைக்குச்சி இறங்கினால் தொப்பி மட்டும்தான் தெரியும். சரி, தொப்பியும் மூக்கும்.

இன்று சங்கத்தின் பொதுக்கூட்டம். மொத்த நிலத்தையும் அண்ணி சொன்னபடி கட்டம் பிரிப்பதா, இல்லை அவள் கம்பியையும் பிடுங்கிப் போடுவதா? தோற்றால், ஒரு வருடம் வளர்த்த புல் ஒரு வாரத்தில் காலி. மாடு ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஓட்டுப் போட வந்திருந்தார்கள்.

காலையிலேயே தலைவர் ஒரு வெள்ளை மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணி, புதுசா வாங்கினது. இதுவும் உங்க கட்டத்துல மேயட்டுமே. எல்லாரும் பாக்கட்டும்."

"அதுக்கு இன்னும் கம்பி பழகலையே தம்பி."

"பழகிக்கும், பழகிக்கும்."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். மாடுகளை அன்றைய கட்டத்துக்குள் விட்டுவிட்டு அண்ணி பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். காலி. அதே நேரம் பால் கொட்டகைப் பக்கமிருந்து தலைவரின் குரல் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி முழங்கியது: "ஹலோ... செக்... செக்... கரண்ட் போனாலும் நம்ம கூட்டம் நிக்காது!"

பால் வண்டி ஓட்டும் அவள் கணவர் காதைத் தீட்டிக் கேட்டார்.

"நம்ம பேட்டரிதான் பேசுது" என்றார்.

"நினைச்சேன்."

"போய்ப் பிடுங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாங்க. அதோ தம்பியோட எல்லாரும் புல்லைப் பாக்க இங்கயே வந்துட்டாங்க. இருக்கிறதைச் சொல்லிட்டே காட்டுவோம்."

சொன்னாள். "கம்பியில இன்னைக்குக் கரண்ட் இல்ல. பேட்டரி தலைவரோட மைக்குல இருக்கு." கூட்டம் சிரித்தது. தலைவர் தலையைத் தடவிக்கொண்டார். மகாராணி என்று பெயரெடுத்த செவலை மாடு கம்பியை மோப்பம் பிடித்து, அவமானப்பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சூடு கண்ட பூனையைப் பாத்திருக்கேன், சூடு கண்ட மாட்டை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் ஒட்டடைக்குச்சி.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெள்ளை மாடு கிளம்பியது. அதற்குக் கம்பியும் தெரியாது, சங்கமும் தெரியாது. நெஞ்சால் ஒரே தள்ளு. டங்கென்று கம்பி அறுந்தது. மகாராணியே மரியாதையை மறந்து பின்னால் ஓட, அத்தனை மாடுகளும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இளம்புல்லுக்குள் புகுந்தன.

ஆண்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு "ஹேய் ஹேய்" என்று பாய்ந்தார்கள். துரத்தத் துரத்த மாடுகள் சிதறி, மேய்ந்ததைவிட மிதித்ததே அதிகம். பூமியே குலுங்கிற்று என்றால் பாதி நம்புங்கள்.

"எல்லாரும் கம்பைக் கீழ போடுங்க!"

அந்தச் சத்தத்துக்கு மைக் தோற்றது. கம்புகள் விழுந்தன. தலைவர் கம்பே எடுக்கவில்லை, அவரும் தோள் துண்டைக் கீழே போட்டார். அண்ணி, புல் ஆறி முடிந்து முறைக்குக் காத்திருந்த அடுத்த கட்டத்தின் கம்பியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "வாங்கடி" என்றாள், கத்தாமல், தினமும் கூப்பிடுகிற அதே குரலில். பிறகு நடந்தாள்.

மகாராணி தலை தூக்கியது. ஒரு வாய்ப் புல் பாதியில் தொங்க, அவள் பின்னால் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் எல்லாம். வெள்ளை மாடு மட்டும் தனியே நின்று சுற்றிப் பார்த்து, "ம்மா" என்று அலறிக்கொண்டு கடைசியாக ஓடிவந்து சேர்ந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணி, ஒரு சமாதானம் சொல்றேன். பாதி நிலத்தை உங்க வழிக்கு எடுத்துக்கங்க. மீதி பாதி பழையபடி."

நல்ல பேரம். கணவர்கூட "சரின்னு சொல்லு" என்று கண்ணைக் காட்டினார்.

"வேண்டாம் தம்பி. பாதியை மூடினா, எல்லா மாடும் அடுத்த பாதியில நின்னு மண்ணையே தின்னுரும். கொடுத்தா முழுசும் கொடுங்க. இல்லன்னா இந்த மூலையையும் எடுத்துக்கங்க."

"ஏம்மா, இருக்கிறதும் போயிரும்" என்றார் கணவர்.

"போகட்டும். இன்னொண்ணும் சொல்லிடுறேன். கம்பி அறுந்ததை எல்லாரும் பாத்தீங்க. கம்பி மட்டும் போதாது. முறை வச்சு வீட்டுக்கு ஒரு ஆள் வரணும், மாட்டுக்கு முன்னாடி நடக்கணும். அதுக்கும் சேத்துத்தான் ஓட்டுப் போடுங்க."

கேட்டதே அதிகம், அதற்கு மேலும் கேட்கிறாளே என்று கூட்டம் முணுமுணுத்தது. ஒட்டடைக்குச்சி அறுந்த கம்பியின் இரண்டு நுனியையும் எடுத்துப் பார்த்தார், பிறகு மிதிபட்ட புல்லைப் பார்த்தார். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வேர் விடவில்லை, மனிதர்தான் பின்னால் சாய்ந்தார்.

"பழைய நிலமா இருந்தா இந்நேரம் வேரோட வந்திருக்கும்" என்று சொல்லி, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார். அந்தக் கையின் உயரத்துக்கு அது ஒன்றே மூன்று ஓட்டு மாதிரி இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக ஏறின. எண்ணித்தான் தீர வேண்டியிருந்தது, அவ்வளவு நெருக்கம். அண்ணி பக்கம் இரண்டு கை அதிகம்.

முதல் முறை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் தலைவர் வந்து மாடுகளுக்கு முன்னால் நின்றார். ஊரே வேலி ஓரம் கூடியிருந்தது. அவர் "வாங்கடி" என்றார். குரல் கீச்சென்று போனது. நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மாடுகள் நின்றன. இன்னும் நாலு எட்டு, மறுபடி திரும்பினார். மறுபடி நின்றன.

"திரும்பாதீங்க தம்பி" என்றாள் அண்ணி. "நீங்க திரும்புனா அதுகளுக்குச் சந்தேகம் வந்துரும்."

"வருதான்னு எப்படித் தெரியும் அண்ணி?"

"நடங்க."

தலைவர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, அறுவடைக்குத் தப்பிய சோளத்தட்டை மாதிரி நடந்தார். பின்னால் அண்ணி மகாராணியின் கழுத்தைச் சொறிந்து, லேசாகத் தட்டிவிட்டாள்.