தப்பிப் பிழைத்த ஓரம்

தம்பியின் கோட்பாட்டுக்கு அவன் மகளைவிட வயது அதிகம். யார் கண்ணிலும் இதுவரை படாத கனமான துகள் ஒன்று இயற்கையில் உண்டு என்று கணக்குப் போட்டு, அந்தக் கணக்கைச் சீராட்டி வளர்த்திருந்தான். அக்காவின் வேலை நேர் எதிர். யார் எந்தப் புதுக் கோட்பாட்டைக் கொண்டுவந்தாலும், அது சொல்வது ஆய்வுக்கூடங்கள் ஏற்கெனவே அளந்து வெளியிட்டவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மென்பொருளை அவளும் நண்பர்களும் எழுதியிருந்தார்கள். அது இலவசம். அதன் நிரல் இணையத்தில் திறந்தே கிடந்தது. யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம்.

"உங்கக்கா நடத்துறது கோட்பாடுங்களுக்குச் சுடுகாடு, மாப்ளே. எதுக்கும் தள்ளியே இரு" என்பார் அவள் கணவர்.

தம்பி கேட்கவில்லை. தன் கோட்பாட்டை அவனே அதில் ஏற்றினான். திரையில் வந்த படம் ஏறக்குறைய முழுக்கச் சிவப்பு. சிவப்பென்றால் செத்தது என்று பொருள். ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கீற்று.

"பாத்தியாக்கா, பொழச்சுக்கிச்சு!" என்று குதித்தான். அவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான். அடுத்து வரவிருந்த இயற்பியல் மாநாட்டில் அந்தக் கீற்றைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டான்.

அப்புறம் ஆளைக் காணோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மடிக்கணினியோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"அந்த எடம் ஏன் வெள்ளையா இருக்குன்னு தோண்டிப் பாத்தேன்க்கா. உங்க நிரல்ல ஒரு அட்டவணையோட அலகு தப்பு. ஆயிரம் மடங்கு வித்தியாசம். அந்த அளவீடு ஒப்பீட்டுக்குள்ளயே வரல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் குழாயை மூடினாள். "திருத்திப் பாத்தியா?"

அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். ஓரமும் சிவந்திருந்தது.

"எப்ப கண்டுபிடிச்ச?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னைக்கு ஞாயிறுடா."

"சொல்லாம இருக்க முடியுமான்னு பாத்தேன். முடியல."

எத்தனையோ பேர் பயன்படுத்தியும் யார் கண்ணிலும் படாத பிழை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் பல காலம் பட்டிருக்காது. அவன் அனுப்பிய திருத்தத்தை அவள் வரிவரியாகச் சரிபார்த்தாள். எங்காவது அவன் தப்புச் செய்திருக்க மாட்டானா என்று மனசு அடித்துக்கொண்டது. செய்யவில்லை.

"ஏத்துக்கட்டுமா?"

"ஏத்துக்கோ. கேட்டுக்கிட்டே இருந்தா மனசு மாறிடும்."

பொத்தானை அழுத்தினாள். மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பினாள். வேறு சிலரின் முடிவுகளும் மாறின; ஒருவர் திட்டியே பதில் எழுதினார். வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

மாநாட்டில் தம்பி இரண்டு படங்களையும் அடுத்தடுத்துக் காட்டினான். பிழையை யார் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, "அப்ப உங்களோட இத்தனை வருஷ வேலை?" என்றார்.

"போச்சு சார்" என்றான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

இடைவேளையில் எல்லோரும் தேநீர் வரிசையில் நிற்க, அவன் காலி அரங்கின் முன்வரிசையில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"அழுறியாடா?" என்று கேட்டபடி அக்கா வந்தாள்.

"இல்லக்கா, யோசிக்கிறேன். அந்தத் துகள் பொறந்ததும் சிதைஞ்சுடும்னு வச்சுக்கிட்டேன்ல? கொஞ்ச தூரம் போயிட்டுச் சிதைஞ்சா? இதுவரைக்கும் அளந்ததுல அது சிக்கியிருக்காதே."

"அதைச் சோதிக்க எங்க நிரலுக்கு இன்னும் தெரியாதே."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அதையும் நாமதான் எழுதணும்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "எவ்வளவு தூரம் போகும்? சொல்லு."