பக்கத்து சீட்டின் பிரேக்

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த அன்று மாலையே டிரைவிங் மாஸ்டர் தன் பழைய காரின் அடியில் படுத்து, பக்கத்து சீட்டின் பிரேக் மிதியைக் கழற்றத் தொடங்கினார்.

ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கார்களில் ஓட்டுபவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் மாஸ்டருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை வைத்துத்தான் அவர் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்திவந்தார். அவருடைய வலது காலால் உயிர் பிழைத்த விளக்குக் கம்பங்களும் தள்ளுவண்டிகளும் ஊரில் ஏராளம்.

"அதை எதுக்குங்க கழட்டுறீங்க?" என்று கேட்டாள் மனைவி. அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. யார் என்ன சொன்னாலும் பதறாத முகம்.

"பாப்பா காலேஜ் போறாள்ல?"

"போறா. அதுக்கு?"

"புதுசா ஒண்ணு ஆரம்பிக்கிறவங்களைத் தனியா விடலாமா? நான் யாரையாவது விட்டிருக்கேனா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சாப்பாடு ரெண்டு பேருக்குக் கட்டணும்" என்று உள்ளே போனாள்.

வெல்டர் அந்த மிதியை ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தார். "இதோட கம்பியை எதுல மாட்டணும் மாஸ்டர்?" என்று கேட்டார்.

"எதுலயும் வேணாம். என் காலுக்கு அடியில இருந்தாப் போதும்."

முதலாமாண்டு புவியியல் வகுப்பு இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்றாவது பெஞ்சில் மகள் உட்கார்ந்தாள். மாஸ்டர் பலகையைக் கீழே வைத்து அவளை ஒட்டி உட்கார்ந்தார். பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"நீங்க யாரு சார்?"

"பக்கத்து சீட்டு."

வருகைப் பதிவில் அப்படி யாருமில்லை என்பதால் பேராசிரியர் அவரை ஆட்சேபிக்கவும் இல்லை. நேராகப் பாடத்துக்குப் போனார். "உலகத்துலயே பெரிய பாலைவனம் எது? யாராவது சொல்லுங்க."

மகள் எழுந்தாள். "சஹா..." என்றாள். பெஞ்சுக்கு அடியில் டொக்கென்று சத்தம் கேட்டது. மாஸ்டரின் கால் மிதியை அமுக்கியிருந்தது. அவள் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. அப்பாவிடம்தான் அவள் கார் ஓட்டக் கற்றிருந்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு எல்லாமே நின்றுவிடும்.

பேராசிரியர் வியந்துபோனார். "பிரமாதம்! எல்லாரும் சஹாரான்னுதான் சொல்வாங்க. மழையே இல்லாத இடம்னு பார்த்தா அண்டார்டிகாதான் பெரிசு. சார், உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ரொம்ப வேகமா வந்தா. அதான்."

அன்றிலிருந்து மாஸ்டருக்குக் கல்லூரியில் தனி மரியாதை. பேராசிரியர் குறிப்புகளை வேகமாகச் சொல்லிக்கொண்டே போகும்போது அவர் மிதித்தால், பேராசிரியரும் சாக்பீஸைத் தூக்கிய கையோடு நின்றுவிடுவார். பின் பெஞ்சுக்காரர்கள் எழுதி முடித்ததும் மாஸ்டர் காலைத் தளர்த்துவார். பாடம் மறுபடி நகரும். பின் பெஞ்சில் ஒருவரும் மதிப்பெண் குறைந்து அழவில்லை. சந்தோஷமில்லாத ஒரே ஆள் மகள்தான்.

அவள் ஒரு வாக்கியத்தை முடித்து அந்த வகுப்பில் யாரும் கேட்டதில்லை. பலகை கேன்டீனுக்கும் கூடவே வரும், அங்கே "எனக்கு ஒரு" என்பதோடு நின்றுபோவாள். கேன்டீன்காரர் அவள் முகத்தைப் பார்த்து டீயோ பன்னோ கொடுப்பார். வகுப்பில் அவளுக்கு 'சிக்னல்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பெஞ்சின் மறுகோடியில் உட்காரும் கண்ணாடிக்காரி ஒருநாள் கேட்டாள்: "ஏய் சிக்னல், ஞாயித்துக்கிழமை நாங்க நாலு பேரும் சேர்ந்து படிக்கப் போறோம். நீயும் வரியா?"

"நான் வர..."

டொக்.

"தெரியாத ரோடும்மா" என்றார் மாஸ்டர், மெதுவாக.

கண்ணாடிக்காரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு முன் பெஞ்சில் ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அன்று அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து மகள் சமையலறைக்கு வந்தாள். "அம்மா, வெள்ளிக்கிழமை எனக்கு செமினார். முன்னாடி நின்னு தனியாப் பேசணும். பேசலைன்னா மார்க் கிடையாது. மார்க் போனாக்கூடப் போகட்டும். பேச ஆரம்பிச்சா நான் எங்க போய் முடிப்பேன்னு எனக்கே தெரியலம்மா. அது தெரியணும்."

"இதை அப்பாகிட்ட சொல்லேன்."

"எங்க சொல்ல விடுறாரு?"

சாப்பிடும்போது அம்மா பேச்சை எடுத்தாள். "ஏங்க, இதுவரைக்கும் எத்தனை பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருப்பீங்க?"

"அது இருக்கும் எக்கச்சக்கம்."

"அவங்க வண்டியில எல்லாம் இப்பவும் ஏறிப் போறீங்களா?"

"ஐயோ! அவங்ககூட யாரு போவா? பிரேக்கே இருக்காது என் பக்கம்."

"அவங்க போய்ச் சேருறாங்களா இல்லையா?"

மாஸ்டர் தட்டில் விரலால் ஏதோ ரோடு போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்போது சொன்னார்: "சரி. வெள்ளிக்கிழமை மிதிக்கல. சும்மா உட்கார்ந்திருக்கேன்."

வெள்ளிக்கிழமை மகள் கரும்பலகை முன்னால் போய் நின்றாள். மணல் மேடுகள் எப்படி இடம் மாறுகின்றன என்பது அவளுடைய தலைப்பு. படமெல்லாம் வரைந்து வைத்திருந்தாள். "பாலைவனத்துல இருக்கிற மணல் மேடு..." என்று தொடங்கினாள்.

டொக்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. "நான் மிதிக்கல! சத்தியமா நான் மிதிக்கல! கால் தானா மிதிச்சிடுச்சு."

"சரி, எடுங்க சார்" என்றார் பேராசிரியர்.

"எடுக்கிறேன்... வரலை சார்."

கால் வரவில்லை. இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கண்ணாடிக்காரியும் பின் பெஞ்சுக்காரர்களும் வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். பெஞ்சுதான் மேலே வந்தது. பேராசிரியர் கடைசியாகக் குனிந்து, செருப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். செருப்பு மட்டும் அவர் கைக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையில் வைத்தார்.

"பாப்பா," என்றார் மாஸ்டர். "வருஷக் கணக்கா இது மிதிச்சுதான் பழக்கம். தூக்கச் சொல்லி யாரும் சொன்னதில்ல. நீ நிக்கிறது என்னாலதான். தெரியுது. ஆனா வரமாட்டேங்குதே."

மகள் கரும்பலகையை விட்டு வந்தாள். அவருக்குப் பக்கத்தில், மிதி இல்லாத பக்கமாக உட்கார்ந்தாள். சத்தத்துக்கு நின்றுபோன தொண்டையை இரண்டு தடவை செருமினாள். முதலில் காற்று மட்டும் வந்தது.

"அப்பா, என்னைப் பார்க்காதீங்க" என்றாள். "ரோட்டைப் பாருங்க."

மாஸ்டர் கரும்பலகையைப் பார்த்தார்.

"முன்னாடி யாருமில்ல. பின்னாடியும் யாருமில்ல. வண்டி நின்னுதான் இருக்கு, இனிமே பிரேக் எதுக்கு? குதிகாலைத் தரையில ஊணுங்க. கட்டை விரலை மட்டும் லேசாத் தூக்குங்க. அவசரமே இல்ல. எவனாவது பின்னாடி வந்து ஹாரன் அடிச்சா அடிச்சிட்டுப் போறான், நீங்க உங்க பாட்டுக்கு மெதுவா எடுங்க."

புதிதாக வருபவர்களிடம் முதல் நாள் அவர் பேசும் குரல் அதுதான். விரல் அசைந்தது. பிறகு பாதம். மிதி கிர்ரென்று மேலே வந்தது. கால் விடுபட்டதைவிட, சிக்னல் இத்தனை வாக்கியங்களை முடித்துவிட்டதுதான் வகுப்புக்கு ஆச்சரியம்.

மாஸ்டர் உடனே இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகள் முன்னால் போனாள்.

மணல் மேடு காற்றுக்கு எதிர்ப் பக்கமாக நகரும் என்றாள். கண்ணாடிக்காரி, "ஏய், காத்து போற பக்கமாத்தானே நகரும்?" என்றாள். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆமா, தப்பா சொல்லிட்டேன். காத்து போற பக்கம்தான்" என்று சொல்லிவிட்டு மகள் அடுத்த படத்துக்குப் போனாள்.

மாஸ்டர் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். எங்கேயும் எதுவும் நசுங்கியிருக்கவில்லை. யாருக்கும் அடிபட்டிருக்கவில்லை.

அவள் பேசினாள். மணலிலிருந்து காற்றுக்குப் போனாள், காற்றிலிருந்து மலைக்கு, மலையிலிருந்து மழைக்கு. "மழையே பெய்யாத இடத்துல எதை நம்பி ஊர் வெச்சாங்க?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "தெரியல. ஆனா எனக்கும் அது தெரியணும்" என்று சொல்லி, அதையே கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு மேலே போனாள். கண்ணாடிக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. மகளுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

பேராசிரியர் வயிற்றைத் தடவினார். பெஞ்சுகளுக்கு நடுவே குனிந்து வந்து மாஸ்டரின் காதருகில், "சார், லேசா ஒரு தட்டு. ரொம்ப லேசா" என்றார்.

மாஸ்டர் கால்களை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"பசிச்சா நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க சார்" என்றார். "வந்ததும் விட்ட இடத்தை நான் சொல்றேன்."