தாம்பூலப் பைக்குள் பிளாக்பெர்ரி ஜாம்

1

கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் எழுத்தாளர்கள் மழை, ரயில் பயணம், யாரோ ஒருவருடைய கண்கள் என்று எதையாவது சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் வாய்க்கவில்லை. ஒரு ஜாம் பாட்டிலைப் பார்த்து என் வயிறு எரிந்தது, அதில் பிறந்தது இந்தக் கதை.

ஜாம் செய்தவள் செந்தாமரை. என் கணவருடைய தம்பி தியாகேசனின் மனைவி. கும்பகோணத்தில் ஒரே வீட்டில் கீழே நாங்கள், மாடியில் அவர்கள். மொட்டைமாடி இரு குடும்பத்துக்கும் பொது. இப்போது அங்கே போய்ப் பார்த்தால் பொது என்று யாரும் நம்பமாட்டார்கள், அத்தனை செடித் தொட்டிகள்.

அடுத்த ஆண்டு என் கணவர் இளையபெருமாளுக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் கல்யாணம். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில், தேங்காய் வெற்றிலையோடு என் சிறுகதைத் தொகுப்பையும் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து என் கதை ஒன்றைக்கூட அவர் முழுதாகப் படித்ததில்லை. படிக்காவிட்டால் போகட்டும். சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, அவர் கையால் என் புத்தகத்தை எடுத்து நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் புத்தகங்களுக்கும் அதைவிட நல்ல கதி கிடைக்கப் போவதில்லை.

அவர் அந்த ஜாமைத் தோசையில் தடவிச் சாப்பிட்டார். விரலையும் சப்பினார். பிறகு சொன்னார்.

"கல்யாணத்துக்கு இதையே சின்னச் சின்ன பாட்டில்ல போட்டுக் குடுத்துடலாம். எவன் வீட்லயும் இருக்காது."

"அப்ப என் புக்கு?"

"புக்கா? அதை யாரு தின்னப் போறா?"

அன்று மாலையே பேனாவை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "செந்தாமரை தலைக்கனம் பிடித்தவள். யாரையும் மதிக்காமல்...

(நிறுத்திவிட்டேன். அவளுக்குத் தலைக்கனம் கிடையாது. கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "நெல்லும் வாழையும் விளையும் காவிரி மண்ணில், எங்கிருந்தோ வந்த ஒரு செடி வேர்விட்டபோது...

(இதுவும் வேண்டாம். ஏதோ படையெடுப்பைப் பற்றி எழுதுவதுபோல இருக்கிறது. மிளகாயும் எங்கிருந்தோ வந்ததுதான். மிளகாய் இல்லாமல் எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்காது.)

மூன்றாம் தொடக்கம்: "அந்த ஜாமில் இனிப்பு தூக்கல்...

(பொய். அளவாகத்தான் இருந்தது.)

ஆக, பொய் சொல்லாமல் எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது. பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

3

நடந்தது இது. கொடைக்கானலுக்குப் போன செந்தாமரையின் மகள் சுடர்விழி, ஈரத்துணியில் சுற்றி ஒரு பிளாக்பெர்ரிக் கன்றைக் கொண்டுவந்தாள். இந்த ஊர் வெயிலுக்கு அது தாங்காது என்று நான் சொன்னேன். நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஷேக் பரீத் பாயும் அதையேதான் சொன்னார். செந்தாமரை இருவருக்கும் தலையாட்டினாள். பிறகு தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் பச்சை வலை கட்டி, செடியைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டு, சித்திரை வெயிலில் மத்தியானத் தூக்கத்தை விட்டு மாடி ஏறி ஏறி அதைப் பார்த்துக்கொண்டாள்.

தாங்கியது. கொடி நீண்டு வளைந்து, நுனி மண்ணைத் தொட்ட இடங்களில் வேர்விட்டது. அவற்றை வெட்டி மண் நிரப்பிய பைகளில் வைத்தாள். மறுவருடம் பூத்தது. காய் பச்சையாக இருந்து, சிவந்து, கறுத்தது.

(ஒரு குறிப்பு: பழம் பளபளவென்று கறுத்திருக்கும்போது பறித்தால் புளிக்கும். மினுமினுப்பு மங்கி, தொட்டதும் கையோடு வர வேண்டும். இதைச் செந்தாமரை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். நானே கண்டுபிடித்ததாக எழுதலாமா என்று யோசித்தேன்.)

எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. அன்றன்றைக்குக் கிடைத்ததைச் சம்படத்தில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்தாள். போதுமான அளவு சேர்ந்ததும் ஒருநாள் அடுப்பில் ஏற்றி மசித்தாள். பழைய வேட்டித் துணியில் கொட்டி விதையை வடிகட்டினாள். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மறுபடி கொதிக்கவிட்டாள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பார்த்தாள். மேலே சுருக்கம் விழுந்ததும் அடுப்பை அணைத்தாள். வீடு முழுக்க எழுந்த அந்த மணத்தைப் பற்றி என்னிடம் ஒரு நல்ல வாக்கியம் இருக்கிறது. அதைத் தரமாட்டேன்.

முதல் பாட்டிலை எனக்குத்தான் கொடுத்தாள்.

"சாப்பிட்டுப் பார்த்துட்டு உண்மையைச் சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாதான் எனக்கு நம்பிக்கை."

பரவாயில்லை என்று சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

4

மேலே உள்ள பகுதியில் தப்பு வரக்கூடாது என்று பிளாக்பெர்ரியைப் பற்றி நிறையப் படித்தேன், வீடியோ பார்த்தேன். கதாசிரியர்களுக்கு இந்த வீம்பு உண்டு. அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. ஒருமுறை காய்த்த கொடி மறுபடி காய்க்காது, காய்ந்துவிடும். அந்த வருடம் அடியிலிருந்து புதிதாகக் கிளம்பும் தளிர்தான் அடுத்த வருடம் காய்க்கும்.

அதைத் தெரிந்துகொண்ட வாரமே துணி எடுக்க மாடிக்குப் போனேன். செந்தாமரை தொட்டிகளுக்கு நடுவே குத்தவைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இதெல்லாம் கழிச்சு விடலாம்னு இருக்கேங்க்கா."

"எதை?"

"இந்தப் பக்கக் கன்னுங்களத்தான். சத்தையெல்லாம் இதுங்களே உறிஞ்சிடுது. அறுத்துவிட்டா காய்ச்ச கொடிக்குத் தெம்பு வரும். அத்தான் கல்யாணத்துக்கு நிறைய வேணும்ல."

அவள் திருவையாற்றுப் பக்கத்துக்காரி. பிறந்த வீட்டில் வாழை விவசாயம். வாழை குலை தள்ளும்வரை பக்கக் கன்றுகளை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தார் சிறுத்துப்போகும். அந்தப் பழக்கத்தில் அவள் கை காட்டியது அத்தனையும் புதுத் தளிர்கள். அவள் காப்பாற்ற நினைத்தது அத்தனையும் சாகப்போகிற கொடிகள்.

"அப்படித்தானேக்கா செய்யணும்?"

எனக்குப் பதில் தெரியும். ஷேக் பரீத் பாய்க்குத் தெரியாது, தியாகேசனுக்குத் தெரியாது, இந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"உனக்குத் தெரியாததா, செந்தாமரை?" என்று சொல்லிவிட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

5

இதுவரை செந்தாமரை என்ற பாத்திரத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருந்தால் வாசகர்கள் நம்புவார்களா என்று. நாலாம் பகுதியை எழுதிய பிறகு கதைசொல்லியின் மேல்தான் சந்தேகம் வருகிறது.

நான் வாயைத் திறக்காவிட்டால் போதும். அவள் கையாலேயே அறுப்பாள். அடுத்த வருடம் பழம் இருக்காது, ஜாம் இருக்காது. பையில் வைக்க என் புத்தகம் இருக்கும். யாரும் என்னை ஒரு சொல் கேட்க முடியாது.

முடிவு ஒன்று: சொல்லவில்லை. திருக்கடையூர் மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக அவர் ஒவ்வொருவருக்கும் பையைக் கொடுக்கிறார். யாரோ ஒரு சின்னம்மா என் புத்தகத்தை எடுத்து விசிறிக்கொள்கிறாள். பைகளில் புத்தகத்தை அடுக்கித் தருவது செந்தாமரை. அவள் முகத்தைப் பார்த்து நான்...

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: ஓடிப்போய்ச் சொல்லிவிடுகிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். என் மனம் லேசாகிறது. (யார் இந்தப் பெண்மணி? எனக்கு அடையாளம் தெரியவில்லை.)

முடிவு மூன்று: இரண்டையுமே பையில் வைக்கிறோம். ஜாம் ஒழுகிப் புத்தகம் பிசுபிசுக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். (இப்படியே எழுதி முடித்துவிடலாம். ஆனால் என் வயிற்றெரிச்சலுக்கு இது பதில் இல்லை. எனக்குப் பாதிப் பை வேண்டாம்.)

6

உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான் தாளில்தான் எழுதுவேன். பத்திரிகைக்காரர்கள் தாளை வாங்குவதில்லை. என் கதைகளையெல்லாம் கைபேசியில் தட்டி அனுப்புகிறவள் செந்தாமரை. சமையல் முடிந்ததும் உட்கார்ந்து, என் கோழிக்கிறுக்கலைப் புரிந்துகொண்டு, ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்தி அனுப்பிவிடுவாள். இந்தக் குடும்பத்தில் நான் எழுதிய அத்தனையையும் படித்த ஒரே ஆள் அவள். எனக்கு வாய்த்த வாசகியும் அவளாகவே இருக்க வேண்டுமா என்று இதற்கும் எனக்கு ஆற்றாமைதான்.

இன்று சனிக்கிழமை. இந்தத் தாள்களை இன்றைக்கே கொடுத்தால் இரவுக்குள் நாலாம் பகுதிக்கு வந்துவிடுவாள், தளிர்கள் பிழைக்கும். ஆனால் அதற்கு முன்னால் முதல் பகுதியைப் படிப்பாள். பரவாயில்லை என்று சொன்னபோது எனக்கு நன்றாக இருந்ததைப் படிப்பாள். அதற்குப் பிறகு அவள் எப்படி என்னை அக்கா என்று கூப்பிடுவாள்?

திங்கள்கிழமை கொடுத்தால் கதை மட்டும்தான் பிழைக்கும்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பதால் நான் தாள்களைக் கொடுத்துவிட்டேன் என்பது தெரிந்திருக்கும். என்றைக்குக் கொடுத்தேன் என்பதை அடுத்த பகுதியில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறேன்.

7

[அக்கா, செந்தாமரைதான் இது. ஏழாம் பகுதிய நான் டைப் பண்ணலை. மீதிய அப்படியே பத்திரிகைக்கு அனுப்பிட்டேன். தாளை எப்பக் குடுத்தீங்கன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும், அது போதும். படிக்கிறவங்க அவங்கவங்க மனசுப்படி முடிச்சுக்கட்டும். வேற எங்கயும் ஒரு வார்த்தைகூட நான் கை வைக்கலை. பொறாமைப்பட்டேன்னு நீங்க எழுதுனதெல்லாம் எழுதுன மாதிரியே இருக்கு. எனக்கும் உங்க மேல அது உண்டுக்கா. எனக்கு எழுத வராது, அவ்வளவுதான்.]