கொடுத்த நாள்

கல் பாவிய தெருவில் சக்கர நாற்காலி மறுபடியும் சிக்கிக்கொண்டது. ஹில்கே குனிந்து சக்கரத்தை விடுவிப்பதற்குள் அவளுடைய அப்பா வீபெ பக்கத்துக் கடையிலிருந்து ஒரு முலாம்பழத்தை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாயிரம் வருஷமா ரோடு போடறானுங்க, ஒண்ணாவது சமமா இருக்கா பாரு."

பிரெஞ்சு நகரமான ஆர்லின் சனிக்கிழமைச் சந்தையில் வாங்க வந்தவர் பழத்தைத் தொடக் கூடாது. கடைக்காரி பிரெஞ்சில் திட்டினாள். வீபெ தன் ஃபிரீசிய மொழியில் மரியாதையாகப் பதில் சொன்னார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை. இருந்தும் அவள் அதைவிட நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வீபெ பால் லாரி ஓட்டியவர். ரோமானியர்கள்மீது அவருக்குத் தீராத பித்து. வடக்கே தங்கள் ஊரான ஃபிரீஸ்லாந்தின் சேற்றைப் பார்த்துத் திரும்பிப் போன அந்த ஆட்கள் வேறு எங்கெல்லாம் கல்லடுக்கினார்கள் என்று காட்ட, கோடைதோறும் காருக்குப் பின்னால் கேரவன் வீட்டை இழுத்துக்கொண்டு குடும்பத்தைத் தெற்கே கூட்டிவருவார். கூடவே ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் வரும். வெளியூர்க் கிழங்கை அவர் நம்பியதில்லை.

இந்த முறை வண்டி ஓட்டியது மகன் யெல்லெ. நுரையீரலில் வந்த புற்று அப்பாவின் எலும்புவரை போய்விட்டது. வருகிற வியாழக்கிழமை, காலைக் காபிக்குப் பிறகு, குடும்ப டாக்டர் ஓக்கமா வீட்டுக்கு வந்து, வலியில்லாமல் உயிர் பிரியக் கடைசி ஊசி போடுவார். அப்பாவே கேட்டுக்கொண்டது, அவர்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, டாக்டருக்கு நாளும் கொடுத்தாகிவிட்டது. அதற்கு முன் ஒரு தடவை ரோமானியக் கல்லைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணம்.

"அம்மா தாங்க மாட்டா. அன்னிக்கு நீதான் என் பக்கத்துல இருக்கணும்" என்று அவர் கேட்டபோது ஹில்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஊர் திரும்புவதற்குள் அதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.

அம்மாவும் யெல்லெயும் ஆப்ரிகாட் வாங்கப் போனார்கள். ஹில்கே அப்பாவைப் பழைய ரோமானிய நாடக அரங்குக்குத் தள்ளிக்கொண்டு போனாள். மேடை இருந்த இடத்தில் இரண்டு தூண்கள்தான் நின்றன. நிழல் விழுந்த ஓரமாக நாற்காலியை நிறுத்திவிட்டு, அவள் கல் படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வியாழக்கிழமை..."

"முதல்ல பழத்தை வெட்டு."

வெட்டிக் கொடுத்தாள். சாறு முழங்கைவரை வழிய அவர் தின்றார்.

"நம்மூர்ல கிடைக்கறது இதுக்குப் பக்கத்துல நிக்குமா? அது வெள்ளரிக்காய்க்கு அண்ணன்."

"அப்பா, கேளுங்க. என்னால முடியாது. அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து என்னால பார்க்க முடியாது. தெரியாம சரின்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

வீபெ மெல்லுவதை நிறுத்தினார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று அவள் தரையைப் பார்த்தாள்.

"என்னாலயும்தான்" என்றார்.

"என்ன, உங்களாலயும்தான்?"

"என்னாலயும் முடியாது. வலி உயிரை எடுத்தப்ப சரின்னுதான் பட்டுச்சு. இப்ப புது மாத்திரையில அது அடங்கிக் கிடக்கு. வியாழக்கிழமைய நெனச்சாலே பயமா இருக்கு. நீ என்னடான்னா தட்டைக் கழுவிக்கிட்டே சரின்னுட்ட. பொண்ணே இவ்வளவு தைரியமா இருக்கா, நாம போயி என்னத்த உளர்றதுன்னு விட்டுட்டேன்."

"வேணாம்னு டாக்டர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நாள் கொடுத்தாச்சேம்மா! நமக்காக அந்த மனுஷன் படகுப் பயணத்தையே தள்ளி வெச்சிருக்காரு. கடைசி நேரத்துல மாத்தச் சொன்னா என்ன நெனப்பாரு?"

ஹில்கே அவரையே பார்த்தாள். காபிக்கு வருகிறேன் என்று ஒரு நாள் சொல்லிவிட்டால் காய்ச்சலோடும் போய் நிற்கிற ஊர்தான் அவர்களுடையது. ஆனாலும் இதற்குமா! அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"மரியாதைக்காக யாராவது சாவாங்களா அப்பா?"

அவரும் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "நீயே பேசிடு. எனக்கு வெக்கமா இருக்கு."

தூண் பக்கம்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைத்தது. அப்பா சொன்னதையெல்லாம் அவள் டாக்டரிடம் சொல்லி முடித்தாள்.

"உங்களுக்குக் கோவம் இல்லையே டாக்டர்?"

அவர் குரல் உடைந்திருந்தது. "எத்தனை பேருக்குப் போட்டாலும் இது பழகறதில்ல ஹில்கே. முந்தின வாரமே தூக்கம் போயிடும். உங்கப்பா என் வாசல்ல வண்டிய நிறுத்தி அரட்டை அடிச்ச மனுஷன் வேற. கோவமாவது ஒண்ணாவது! முத்தம் கொடுத்தேன்னு சொல்லு."

அவள் ஏறக்குறைய ஓடி வந்தாள். வீபெயின் தொப்பி மூக்குவரை சரிந்திருந்தது.

"கோவமே இல்லையாம் அப்பா! முத்தம் கொடுத்தாராம். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பாடாப் படுத்தியிருக்கீங்க, தெரியுமா?"

கிண்டலாக ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒரு குளவி அவர் கட்டைவிரலில் ஏறி, மணிக்கட்டுவரை நடந்தது. அவர் கையை உதறவில்லை. அவள் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். மூச்சு இல்லை.

படியில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அதோடு, இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கனமும் இறங்கியது. வியாழக்கிழமையை நினைத்துப் பயந்துகொண்டே அவர் போகவில்லை. அவளுக்கு அது போதும்.

அம்மா பையும் கையுமாக வந்தாள், பின்னால் யெல்லெ.

"தூங்கிட்டாரா? ஏண்டி, கையெல்லாம் பழச்சாறு. குளவி மொய்க்குது, துடைச்சு விடக் கூடாதா?"

"அம்மா" என்றாள் ஹில்கே.

அம்மா பார்த்தாள். யெல்லெ பையை வாங்கிக் கீழே வைத்தான். அம்மா வீபெயின் கன்னத்தில் புறங்கையை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"வியாழக்கிழமை வேணாம்னு அப்பாவே சொன்னாரும்மா. டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"இவரா? நாள் கொடுத்த அப்புறமா?" அம்மாவின் கண்கள் நிறைந்தன. "அப்பாடா" என்றாள், மெதுவாக.

யெல்லெ தன் குல்லாயால் குளவியை விரட்டினான். ஹில்கே தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். அப்பாவின் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சுண்டுவிரல் முடிந்ததும் அடுத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.