கிரைண்டருக்குப் பக்கத்தில் நிற்பவர்

1

இந்தக் கதை, நான் எடுக்காமல் விட்ட ஒரு போட்டோவிலிருந்து வந்தது.

புயல் கடந்த மறுவாரம் எங்கள் அடுக்ககத்தில் நிதி திரட்டினார்கள். வெள்ளத்தில் தொழில் சாமான்களைப் பறிகொடுத்தவர்களுக்குப் புதிதாக வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர். எனக்கு வந்த வேலை, பொருளைக் கொடுக்கும்போது போட்டோ எடுப்பது. அதிகம் பேச வேண்டியிருக்காது என்பதால் ஒத்துக்கொண்டேன்.

[முதலில் எழுதிய தொடக்கம்: ‘வானம் கறுத்திருந்தது.’ அடித்துவிட்டேன். புயலுக்கு முன் வானம் கறுப்பது யாருக்கும் செய்தி இல்லை.]

2

கோமளா அக்கா என்று ஒருவர். இது அவர் பெயர் இல்லை. வீடு சேக்காட்டில் இருக்கிறது, அல்லது அண்ணனூரில். தினமும் காலையில் எங்கள் கேட்டில் வாட்ச்மேனிடம் இட்லி மாவுப் பாக்கெட்டுகளை வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டு இட்லியும் அவர் மாவில்தான். அவர் வீட்டை எங்களில் யாரும் பார்த்ததில்லை.

அவர் பார்ப்பதற்கு

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். காரணம் கீழே.)

3

கோமளா அக்கா வீட்டில், நானும் ஆட்டோக்காரரும் புது கிரைண்டரையும் சங்கத்தின் பேனரையும் ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே வைத்தோம். பழையது வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அறையில் பிளீச்சிங் பவுடர் வாடை. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு. நான் போனை எடுத்தேன்.

“இன்னாம்மா, போட்டோவா?”

“ஆமாக்கா. குரூப்ல போடணும். குடுத்தவங்க பாக்கணும்ல.”

“குரூப்ல யார் யார் கீறாங்க?”

“எங்க ஃப்ளாட்ஸ்ல எல்லாரும்.”

“அதான் வேணான்றேன். எங்கிட்ட மாவு வாங்கறதே அவங்கதான். இந்தச் செவுத்தப் பாத்துட்டா நாளைக்கு எவ வாங்குவா? கிரைண்டரக் குடுத்துட்டு மாவ நிறுத்திட்டாங்கன்னா, நான் இத்த வெச்சிகினு இன்னா பண்றது? தலையில கவுத்துக்கவா?”

நான் நுண்ணுயிரியல் படித்தவள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, தண்ணி வந்தன்னிக்கு அரைச்ச மாவு...”

“கொட்டிட்டேன், ரெண்டு குண்டான். மாவு வரலன்னு உங்கம்மாதான் போன்ல அந்தக் கத்து கத்துனாங்க.”

[வாசகர்களில் சிலருக்கு இன்னும் சந்தேகம் இருக்கும். எனக்கும் இருந்தது. பாத்திரங்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. அதற்கு மேல் சான்று என்னிடம் இல்லை.]

4

அடுக்ககச் சங்கச் செயலாளர் செல்வகுமார் சாருக்கு போன் செய்தேன்.

“ஆள் இருக்கணும், பொருள் இருக்கணும், பேனர் இருக்கணும்மா. போட்டோ வேணாம்னா அதே ஆட்டோல ஏத்திடு. வேற வீட்டுக்குக் கொடுத்துடலாம்.”

இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. போன மழையில் கொடுத்த தையல் மெஷின் ஒன்று வாரத்துக்குள் விலைக்குப் போய்விட்டது. பணம் கொடுத்தவர்கள் இவரைத்தான் கேட்டார்கள். லிஃப்டில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கோமளா அக்கா கிரைண்டர் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

5

இங்கே கதை பிரிகிறது.

ஒன்று: அவர் நிற்கிறார், நான் எடுக்கிறேன். மறுநாள் கேட்டில் பாக்கெட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

இரண்டு: கிரைண்டர் ஆட்டோவில் ஏறுகிறது. கோமளா அக்கா கதவைச்

(வேண்டாம்.)

மூன்றாவது, நான் இட்டுக்கட்டியது போலத் தெரியும். நடந்தது இதுதான். போனை அக்கா கையில் கொடுத்துவிட்டு, கிரைண்டருக்குப் பக்கத்தில் நானே போய் நின்றேன். கல்லூரி குரூப் போட்டோவில் தூணுக்குப் பின்னால் நின்றவள் நான். பேனரை விரித்து, சுவரில் இருந்த கோட்டை மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் சிரி. கிரைண்டர் குடுக்க வந்தவ மாரியா கீற? திருட வந்தவ மாரி கீற.”

சிரித்துவிட்டேன். அதை எடுத்துவிட்டார்.

6

குரூப்பில் நிறையக் கைதட்டல்கள் வந்தன. அம்மா, “இவ ஏன் நிக்கறா?” என்று போட்டாள். கடைசியில் செல்வகுமார் சார்: “நீ சரிம்மா. வாங்கினவங்க எங்க? ஞாயிறு மீட்டிங்குக்குள்ள போட்டோ வேணும். இல்லன்னா திருப்பி எடுத்துடலாம்.”

இதுவரை எழுதியதைக் கோமளா அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

“பேர மாத்திட்ட. எந்த ஊருன்னு சொல்லல. செரி.”

“மாவையும் மாத்தட்டுமாக்கா?”

“மாவு இருக்கட்டும். எல்லாருந்தான் விக்கறாங்க. மூஞ்சிய மட்டும் எழுதாத.”

எழுதவில்லை.

இன்று சனிக்கிழமை. புது கிரைண்டரில் அரைத்த மாவு காலையில் கேட்டுக்கு வந்தது. செல்வகுமார் சார் இரண்டு பாக்கெட் எடுத்துக்கொண்டு போனதை பால்கனியிலிருந்து பார்த்தேன். அவருடைய கேள்விக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை. எழுதிய பதில்கள் மூன்று. மூன்றையும் அழித்துவிட்டேன்.

நீங்கள் எங்கள் அடுக்ககத்தில் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியில் உங்கள் பணமும் இருக்கிறது, கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் ஃபிரிட்ஜில் கோமளா அக்காவின் மாவும் இருக்கிறது.

இப்போது சுவர்க் கோடும் உங்களுக்குத் தெரியும். செல்வகுமார் சாருக்கான பதிலை நீங்களே எழுதுங்கள். முதலில் ஃபிரிட்ஜைத் திறந்து, அந்த மாவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பார்த்துவிட்டு.